மழைக்காலத்தில் கோழிக்கூட்டை மூடலாமா?

ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டு பருவமழையும் நனைக்கிற குமரி மாவட்டத்தில் கோழி வளர்ப்பவருக்கு முதலில் வரும் கவலை, சாரல் கூட்டுக்குள் அடிக்காமல் எப்படித் தடுப்பது என்பதுதான். ஓர் ஐப்பசியில் நானும் கூட்டின் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, இடுக்குகளில் சாக்கைச் செருகினேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பத்தாம் நாள் காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. இரண்டு விடைக்கோழிகள் கண்ணில் நுரை தள்ள, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

அந்த எரிச்சலுக்குக் காரணம் அம்மோனியா. கோழிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் அதன் சிறுநீர். பெரும்பாலும் யூரிக் அமிலம். காய்ந்துவிட்டால் சும்மா கிடக்கும். ஈரம் இருந்தால் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்கிவிடும். அந்த ஈரம் மழையிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. புது எச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். போதாததற்கு, கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை மூச்சு வழியாகத்தான் நீராவியாக வெளியேற்றும். என் தார்ப்பாய் வெளி ஈரத்தைத் தடுத்தது, உள் ஈரத்தைச் சிறைவைத்துவிட்டது.

காற்றில் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு அம்மோனியா சேர்ந்தாலே கோழிக்குக் கெடுதல்தான். மூச்சுக்குழலில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் பழுதாகும். கோழியின் நுரையீரல் நம்முடையதைப் போல உப்பிச் சுருங்குவதில்லை. காற்றுப்பைகள் துருத்தி போல் இயங்க, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியே காற்று ஒரே திசையில் ஓடுகிறது. இறக்கையின் மேல் எலும்புக்குள் வரைகூட அந்தப் பைகள் நீளும். வியக்க வைக்கும் அமைப்பு. ஆனால் கெட்ட காற்றும் அதே வழியில்தான் அவ்வளவு ஆழம் போகும். அதனால் கூட்டை நின்றபடி மோந்து பார்த்துப் பயனில்லை. குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள்.

சரி, சாரலுக்கு என்ன செய்வது? சுவரை ஒன்றரை அடியோடு நிறுத்தி, அதற்கு மேல் கூரை வரை கம்பி வலை அடித்தேன். கூரையை மூன்றடி வெளியே இறக்கினேன். சூடான ஈரக்காற்று மேலெழுந்து தானாகவே வெளியேறிவிடுகிறது. வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, கீரியும் பாம்பும் நுழைந்துவிடும். கோழிக்குக் குளிராதா என்று வீட்டில் கேட்டார்கள். அதன் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ். இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தால் இடையில் சிக்கும் காற்றே போர்வை. இறகு நனையாத வரை நம்மூர்க் குளிர் வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாது. குஞ்சுகளின் கதை வேறு. இறகு முளைக்கும் வரை, முதல் மூன்று நான்கு வாரம், அவற்றுக்குப் பல்பு வெளிச்சமும் சூடும் வேண்டும்.

தரையில் போடும் கூளத்துக்கு இங்கே பஞ்சமில்லை. ரப்பர் மரம் அறுக்கிற மில்லில் மரத்தூள் கிடைக்கும், தென்னை நார்க்கழிவும் உண்டு. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி பிடித்த பிடியாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, அன்றைக்கே மாற்ற வேண்டும். குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடும். இன்னொன்று, ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு தூவுவதாக இருந்தால் கோழிகளை வெளியே விட்டபின் தூவுங்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை கூளத்தில் ஒளிந்திருக்கும் அம்மோனியாவை வெளியே கிளப்பும். முதலில் நெடி கூடத்தான் செய்யும்.

அப்புறம், கூளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கோழி தரையில் படுக்க விரும்பாது. இரண்டடி உயரத்தில் ஒரு கமுகுக் கம்பு போதும். கால் மடங்கும்போது தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே கம்பைப் பிடித்துக்கொள்ளும். தூங்கினாலும் பிடி தளராது. தார்ப்பாயை அவிழ்த்த ஒரு வாரத்தில் அந்த இரண்டு விடைகளும் கம்பில் ஏறி அடையத் தொடங்கின.