கமிஷன், ஆணையம், ஆணைக்குழு: மனித உரிமைக்கு எந்தச் சொல்?

குமுளி, மூணாறு பக்கத்துத் தமிழர்களுக்குக் கமிஷன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏலக்காயை விற்றுக் கொடுத்தவர் பிடித்துக்கொள்ளும் காசு. அப்புறம்தான் விசாரணைக் கமிஷன், மலையாளத்தில் மனுஷ்யாவகாச கமிஷன் எனப்படும் மனித உரிமைக் கமிஷன் எல்லாம். இரண்டும் ஒரே சொல்தான். ஒன்றை ஒருவர் கையில் ஒப்படைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. விற்கும் வேலையை ஒப்படைத்தால் அதற்கான கூலி கமிஷன், விசாரிக்கும் வேலையைச் சிலரிடம் ஒப்படைத்தால் அந்தக் குழுவே கமிஷன்.

மலையாள 'அவகாசம்' நம்மைக் கொஞ்சம் குழப்பும். நமக்கு அது நேரம், கெடு, அவர்களுக்கு உரிமை. ஆந்திர எல்லையில் சித்தூர்ப் பக்கம் போனால் 'மானவ ஹக்குலு'. அந்த ஹக்கு அரபியிலிருந்து வந்தது. நம்முடைய உரிமை 'உரி' என்ற வேரிலிருந்து வருகிறது. உரியது, அதாவது ஏற்கெனவே உன்னுடையது, யாரும் தானமாகக் கொடுக்க வேண்டியதில்லை. இந்தப் பொருளுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

சரி, ஆணையம்? ஆணை என்றால் கட்டளை. வடமொழி ஆஜ்ஞா பிராகிருதத்தில் ஆணா ஆகி நம்மிடம் வந்தது என்பது அகராதிகள் சொல்வது. அதோடு 'அம்' சேர்த்து உண்டாக்கிய புதுச்சொல் ஆணையம். இலங்கையில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்ததை மனித உரிமைகள் ஆணைக்குழு என்கிறார்கள். எனக்கு இதுதான் பிடிக்கிறது, ஏனென்றால் நாலு பேர் கூடி உட்கார்ந்து குறை கேட்கிறார்கள் என்பது சொல்லிலேயே தெரிகிறது; ஆணையம் என்றதும் உத்தரவு போடும் இடம் என்ற நினைப்புதான் வருகிறது. நம் நாட்டில் 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த தேசிய ஆணையமும், 1998இல் அமைந்த கேரள ஆணையமும் சாட்சியை வரவழைக்கலாம், ஆவணம் கேட்கலாம், ஆனால் விசாரணை முடிந்ததும் அவை செய்வதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் பரிந்துரை.

அமெரிக்காவில் இன்னொரு வகை இருக்கிறது. மினசோட்டா போன்ற மாநிலங்களில் சிறுசிறு நகரங்களே மனித உரிமைக் கமிஷன் வைத்திருக்கின்றன. நகரசபையோ மேயரோ ஊர்க்காரர்களை நியமிக்கிறார்கள், சம்பளம் கிடையாது, வேலை முடிந்த பிறகு சாயங்காலத்தில் கூடுகிறார்கள். வாடகை வீடு, வேலை போன்றவற்றில் பாகுபாடு காட்டப்பட்டால் எங்கே போவது என்று வழிகாட்டுவது, சில ஊர்களில் இரு தரப்பையும் பேசவைப்பது, பள்ளிகளில் உரிமை பற்றிச் சொல்வது இவர்கள் வேலை. தொண்டர்கள்தான், ஆனாலும் ஊர் ஒப்படைத்த பொறுப்பு. அதனால் கமிஷன் என்ற பெயர் பொருந்துகிறது. தமிழில் 'நகர மனித உரிமை ஆணைக்குழு' என்று எழுதலாம். ஆணையம் வேண்டாம்.

நம் பக்கம் தாங்களாகவே சேர்ந்து நடத்தும் சங்கங்களுக்கு இந்த ஒப்படைப்பு இல்லை. நல்ல வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், கூரை ஒழுகினாலும் கூலி பாக்கி நின்றாலும் கூடவே அலைகிறார்கள். அவர்களுக்கு மன்றம், கழகம், உரிமைக் குழு என்ற பெயர்கள் போதும், அவற்றில் ஒரு குறைவும் இல்லை. ஆணையம் என்று பலகை வைத்து, காரில் ஒட்டி, அடையாள அட்டை கொடுப்பதைத்தான் நிறுத்த வேண்டும். படிப்பில்லாத தோட்டத் தொழிலாளி அதை அரசாங்க ஆபீஸ் என்று நம்பி, மனுவை அங்கே கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நாள் போய்விடும். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் சட்டப்படியான ஆணையம் அதை விசாரிக்க முடியாது என்கிறது அந்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு. தேசிய ஆணையத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், கட்டணமும் இல்லை.