எடுக்கச் சொன்ன கண்ணுக்கு மாற்றுக் கண் கிடையாது

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பட்டறைகளில் கிரைண்டர் சக்கரம் உடைந்து தெறித்து, கிழிந்த கண்ணோடு வரும் இளைஞர்களைப் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. தைத்துப் பார்த்தும் பார்வைக்கு வழியில்லை, கண்ணை எடுத்துவிடுவதே நல்லது என்று சொன்னதும், "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர், வேறு கண் வைத்துவிடுங்கள்" என்று வீட்டார் கேட்பதும், முடியாது என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்துப் போய்விடுவதும் சென்ற வாரமும் நடந்ததால் இதை எழுதுகிறேன்.

வேறு கண் என்று ஒன்று இல்லை. தானமாகப் பெறும் கண்ணிலிருந்து பார்வைக்காகப் பொருத்தப்படுவது முன்புறத்துக் கருவிழிப் படலம் மட்டுமே. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் உள்ளன. அறுபட்டால் அவை மறுபடி வளர்வதில்லை. 2023இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே பொருத்தினார்கள். கண்ணுக்கு இரத்த ஓட்டம் வந்தது, பார்வை வரவில்லை. பணம் கட்டினால் கண் மாற்றித் தருவதாக யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

பார்வை போன கண் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. கிழிந்த கண்ணுக்கு எதிராகக் கிளம்பும் உடலின் எதிர்ப்பாற்றல், அரிதாக, நல்ல கண்ணையும் தாக்கும். அதனால்தான் பிழைக்காத கண்ணை இரண்டு வாரத்துக்குள் எடுப்பது நெடுநாள் வழக்கம். சீழ் பிடித்த கண், முற்றிய கண் அழுத்தத்தால் தாங்க முடியாமல் வலிக்கும் பார்வையற்ற கண் ஆகியவற்றையும் எடுக்க நேர்கிறது. சிறு குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயில், மருந்தால் காப்பாற்ற முடியாத கண்ணை வைத்துக்கொண்டு நாள் கடத்தினால், புற்று நரம்பு வழியே மூளைக்குப் போய் உயிரையே எடுத்துவிடும். (புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் கண்ணின் உள்ளடக்கத்தை மட்டும் அகற்றுவதில்லை; முழுக் கண்ணையும், நரம்பின் நீண்ட துண்டோடு எடுக்கிறோம்.)

முகம் குழி விழுந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். எடுத்த இடத்தில், பெரியவர்களுக்கு 18 முதல் 22 மில்லிமீட்டர் அளவுள்ள சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் உருண்டையையோ, நுண்துளைகள் கொண்ட உருண்டையையோ வைத்து, கண்ணை அசைக்கும் தசைகளை அதன்மேல் இணைத்து, சவ்வை மூடித் தைத்துவிடுகிறோம். இது வெளியே தெரியாது. நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து, மற்றக் கண்ணின் நிறத்துக்கேற்பத் தீட்டிய மெல்லிய செயற்கைக் கண்ணை இமைக்குள் பொருத்துவார்கள். அது ஓரளவு அசையவும் செய்யும். குழந்தைகளுக்கு இந்த உருண்டை இன்னும் அவசியம், ஏனெனில் வெற்றுக் கண்குழி முகத்தோடு சேர்ந்து சரியாக வளராது.

கிரைண்டர், லேத், வெல்டிங் எதுவானாலும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போடுங்கள். மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது. அடிபட்ட கண்ணைக் கழுவவோ கசக்கவோ கூடாது, குத்தியிருப்பதைப் பிடுங்கவும் கூடாது. காகிதக் கோப்பையால் மூடிக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல் உடனே வாருங்கள். குழந்தையின் கண்மணி புகைப்படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் அந்த வாரமே காட்டுங்கள். செயற்கைக் கண் வைத்திருப்பவர்களுக்குச் சீழோ இரத்தமோ கசிந்தால், உள்ளிருக்கும் உருண்டை வெளியே தெரியத் தொடங்கியிருக்கலாம். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.