துண்டாடிய காட்டில் பறவைகள் மெல்லத்தான் மறைகின்றன

பிரேசிலில் மனாஸ் நகருக்கு வடக்கே, அமேசான் காட்டில், 1979இல் நீண்டகால ஆய்வு ஒன்று தொடங்கியது. மேய்ச்சலுக்காகக் காட்டை வெட்டும்போது 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளை மட்டும் விட்டுவைத்தார்கள். வெட்டி முடித்த கையோடு மெல்லிய வலை கட்டியபோது, துண்டுகளுக்குள் முன்பைவிட அதிகமான பறவைகள் சிக்கின. வீடிழந்தவை அங்கே ஒதுங்கியிருந்தன. ஓராண்டுக்குள் எண்ணிக்கை பழைய அளவுக்கும் கீழே சரிந்தது. முதல் கணக்கெடுப்பை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

முதலில் போனவை எறும்புப் பறவைகள். பெயர் அப்படியிருந்தாலும் அவை எறும்பைத் தின்பதில்லை. படையெறும்புகள் தரையில் விரிப்பு விரித்தாற்போலப் பரவி வரும். அதற்கு முன்னால் பூச்சிகள் தெறித்தோடும். முகத்தில் வெள்ளை இறகுக் கொத்துள்ள அந்தச் சின்னப் பறவை, தரைக்குச் சற்று மேலே செங்குத்தான குச்சியைப் பற்றிக்கொண்டு காத்திருந்து, ஓடும் பூச்சியைக் கொத்தும். ஒரே எறும்புக் கூட்டம் சுற்றிவர ஏறக்குறைய 30 ஹெக்டேர் வேண்டும். அதுவும் எல்லா நாளும் படையெடுப்பதில்லை. பறவை பிழைக்கப் பல கூட்டங்கள் தேவை. 10 ஹெக்டேரில் இந்தக் கணக்கு எங்கே ஒத்துவரும்?

அந்தப் 10 ஹெக்டேரும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஓரத்தில் வெயிலும் வறண்ட காற்றும் புகும், மரங்கள் சாயும். இந்தப் பாதிப்பு 50 மீட்டர் உள்ளே வருவதாக வைத்துக்கொள்வோம். 10 ஹெக்டேர் சதுரத்தின் பக்கம் சுமார் 316 மீட்டர். மிஞ்சும் உட்காடு 4.7 ஹெக்டேர். 100 ஹெக்டேரில் 81 மிஞ்சும். 1 ஹெக்டேரில் ஒன்றுமே இல்லை.

பக்கத்துக் காட்டுக்குப் பறந்துவிடலாமே என்று தோன்றும். நிழலிலேயே வாழ்ந்து பழகிய பறவைகளுக்கு 80 மீட்டர் வெட்டவெளியே பெருந்தடை. பனாமாவின் காட்டூன் ஏரியில் படகிலிருந்து பறக்கவிட்டபோது, சில இனங்களால் 100 மீட்டர்கூடக் கடக்க முடியவில்லை. ரீங்காரச் சிட்டுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மிஞ்சிய பறவைகள் சில ஆண்டுகள் உயிரோடிருக்கும், பாடவும் செய்யும். துணையோ குஞ்சோ இல்லாததால் இனம் உள்ளூரில் முடிந்துபோகும். இதை அழிவுக் கடன் என்கிறார்கள். மனாஸின் 100 ஹெக்டேர் துண்டுகளே கீழடுக்கில் (உயர்ந்த மரங்களுக்கு அடியிலுள்ள புதர், சிறுமரங்களில்) வாழும் பறவையினங்களில் பாதியைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இழக்கும் வேகத்தில் இருந்தன. ஆகவே தலைகளை எண்ணினால் போதாது. காலில் வளையமிட்டு, அதே பறவை திரும்ப வருகிறதா, இளம் பறவைகள் சேர்கின்றனவா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

மேய்ச்சல் கைவிடப்பட்டு, வெட்டிய நிலத்தில் வேகமாக முளைத்து வளரும் செக்ரோபியா மரங்கள் சுற்றிலும் ஓங்கிய இடங்களில் எறும்புப் பறவைகள் திரும்பி வந்தன.