நீட்டிக்கப்பட்ட விரதமா, நெடுநோன்பா?

"இடைப்பட்ட உண்ணாவிரதத்தை ஒரு நீட்டிக்கப்பட்ட விரதத்துடன் தொடங்குங்கள்." உடல்நலக் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரே வரியில் இரண்டு பிழைகள்.

நாளில் 16 மணி நேரம் உண்ணாமல் இருந்து மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுவது, அல்லது வாரத்தில் 5 நாள் வழக்கம்போல் உண்டு 2 நாள் மட்டும் 500, 600 கலோரியோடு நிறுத்துவது. இவையெல்லாம் ஆங்கிலத்தில் இண்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங். அதைத்தான் 'இடைப்பட்ட உண்ணாவிரதம்' ஆக்கிவிட்டார்கள். இலத்தீனில் 'இன்டர்' இடை, 'மிட்டெரே' விடுதல். 'இடைவிடாத மழை' என்கிறோமே, அதன் எதிர்ச்சொல்தான் நமக்கு வேண்டியது: இடைவிட்ட நோன்பு. 'இடைப்பட்ட' என்பது இரண்டுக்கு நடுவில் இருப்பதைச் சொல்வது. இடைப்பட்ட காலம், இடைப்பட்ட தூரம் என்பது போல.

உண்ணாவிரதம் ஏன் வேண்டாம்? அந்தச் சொல்லைக் கேட்டதும் கோரிக்கையும் போராட்டமும்தான் நினைவுக்கு வரும். 500 கலோரி சாப்பிடுகிற நாளை 'உண்ணா' என்பதும் பொருந்தாது. பட்டினி என்றால் கிடைக்காமல் கிடப்பது என்ற நிழல் விழுகிறது. நோன்பு மதச்சொல் ஆயிற்றே என்பார்கள். அதன் வேர் நோல். பொறுத்தல் என்பது பொருள். 'உண்ணாது நோற்பார் பெரியர்' என்று தொடங்கும் 160ஆம் குறள், பிறர் சொல்லும் இன்னாச்சொல்லைப் பொறுப்பவரையும் 'நோற்பார்' என்றே சொல்கிறது. பசியைப் பொறுப்பதற்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது 'நீட்டிக்கப்பட்ட' மீதுதான். தமிழில் எதை நீட்டிப்போம்? கெடுவை நீட்டிப்போம், ஊரடங்கை நீட்டிப்போம். முன்பே ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றின் முடிவைத் தள்ளிப்போடுவதுதான் நீட்டிப்பு. இன்னும் தொடங்கவே இல்லாதவர் எதை நீட்டிப்பார்? 'எக்ஸ்டெண்டட் ஃபாஸ்ட்' என்ற ஆங்கில மூலச்சொல் சொல்வது நீளமான நோன்பை, அதாவது ஒரு நாளையும் தாண்டி 36 மணி, 72 மணி என்று ஒரே மூச்சில் போவதை. நீளமானதற்குத் தமிழில் 'நெடு' இருக்கிறது. நெடும்பயணம், நெடுங்கதை, நெடுஞ்சாலை. நெடுஞ்சாலையை யாரும் 'நீட்டிக்கப்பட்ட சாலை' என்று எழுதுவதில்லை. அப்புறம் நெடுநோன்பு என்று எழுத என்ன தயக்கம்?

இது வெறும் இலக்கண வம்பு இல்லை. 'நீட்டிக்கப்பட்ட விரதம்' என்று படிக்கிறவர், 16 மணியை 18, 20 ஆக்கச் சொல்கிறார்கள் போல என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றல்ல. கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன்பின் உடல் கொழுப்பையே பெரிதும் நம்பி ஓடும். இன்சுலின் போடுகிறவருக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பல நாள் உண்ணாமல் இருந்துவிட்டு ஒரேயடியாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். 16 மணி நேரமே பழகாத ஒருவரை நெடுநோன்பில் தொடங்கச் சொல்வது என் பார்வையில் தவறான யோசனை. அதைத் தெளிவில்லாத சொல்லில் சொல்வது இன்னும் மோசம்.

மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு மேல் 'பட்ட' என்று ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பதப்படுத்தப்பட்ட, பரிந்துரைக்கப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட என்று ஒரு பத்தி முழுக்க 'பட்ட' மயம். யார் செய்தார்கள், எதைச் செய்தார்கள் என்று எதுவும் தெரியாது. சமீபத்தில் 'உண்ணும் சாளரம்' என்றுகூடப் பார்த்தேன். அந்த 8 மணி நேரத்தைத்தான் சொல்கிறார்களாம். உண்ணும் நேரம் என்று எழுதினால் யாருக்குப் புரியாது?