கடைசிப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்

பரணில் கிடந்த பழைய டர்ன்டேபிளை இறக்கித் துடைத்து ஓட்டிப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இசைத்தட்டின் முதல் பாட்டு நன்றாக இருக்கிறது. கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் சிதறிக் கரகரக்கிறது. இதையே சரிசெய்வதா, புதிதாக வாங்கிவிடுவதா?”

பாதிப் பதில் கேள்வியிலேயே இருக்கிறது. இரண்டு பாட்டுக்கும் மோட்டார் ஒன்றுதான், ஆம்ப்ளிஃபயரும் ஒன்றுதான். மாறுவது ஊசி நிற்கும் இடம் மட்டுமே.

தட்டில் சால் போல ஓடும் பள்ளத்தின் இரு சுவர்களும் ஒலிக்கேற்ப நெளிந்திருக்கும். நெளிவில் ஊசி அசைய, அதன் மறுமுனையில் உள்ள சிறு காந்தமும் அசைந்து பக்கத்துக் கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். எல்.பி. எனப்படும் பெரிய இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. விளிம்பில், மையத்திலிருந்து 14.6 செ.மீ. தொலைவில், ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. சால் கடந்து போகிறது. பாட்டு முடியும் இடத்தில் ஆரம் 6 செ.மீ. ஆகிவிடுவதால், அதே ஒரு நொடிக்கு 21 செ.மீ.தான் கிடைக்கிறது. சுற்றும் வேகம் மாறவில்லை, எழுதக் கிடைக்கும் இடம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ‘ச’ ஒலியில் நிறைந்திருக்கும் உயர் அதிர்வெண்களில் 10,000 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் அதன் ஓர் அலை 51 மைக்ரான் நீளம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உள்ளே வந்தால் 21 மைக்ரான். அதற்குள்ளேயே ஒரு மேடும் ஒரு பள்ளமும் அடங்க வேண்டும்.

இனி ஊசியைப் பாருங்கள். சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஓர் உருண்டை, அதன் ஆரம் சுமார் 18 மைக்ரான். விளிம்பின் அகன்ற வளைவுகளில் சுகமாகப் புரண்டு போகிற அந்த உருண்டை, உள்வட்டத்தின் நெருக்கமான வளைவுகளில் அடிவரை இறங்க முடியாமல் மேட்டுக்கு மேடு தாவுகிறது. நம் காதில் விழும் சிதறல் அதுதான். பக்கவாட்டில் 8 மைக்ரான் ஆரத்துக்குச் செதுக்கிய நீள்வட்ட ஊசி அதே வளைவுக்குள் இறங்கிவிடும். 1970களில் நான்கு சேனல் ஒலியை ஒரே சாலில் அடக்க ஜேவிசி நிறுவனம் கூடுதல் சேனல்களின் தகவலைச் சுமந்து வரும் 30,000 ஹெர்ட்ஸ் ஊர்தி அலையைத் தட்டில் பதித்தது. அதைப் படிப்பதற்காகப் பிறந்த ஷிபாடா ஊசி இன்றும் விற்பனையில் இருக்கிறது, நான்கு சேனல் தட்டுகள்தான் மறைந்துவிட்டன. தேவைக்காக நடந்த ஓர் ஆராய்ச்சி, தேவை போன பிறகும் பலன் தருவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே முதலில் ஊசியை மாற்றுங்கள். வைரமும் தேயும், பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம்தான் அதன் ஆயுள். ஓட்டாமலே கிடந்தாலும் ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் வருடக்கணக்கில் இறுகிவிடும். ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு கூடுதான் கார்ட்ரிட்ஜ். காந்த வகைக் கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலானவற்றில் ஊசியைக் கையாலேயே உருவிப் புதியதைச் செருகலாம். என் பழைய டர்ன்டேபிளில் கூம்பு ஊசியை எடுத்துவிட்டு நீள்வட்டம் போட்ட அன்று, பத்து வருடமாகக் கேட்ட தட்டின் கடைசிப் பாட்டில் பாடகி மூச்சு இழுக்கும் சத்தம் முதன்முறையாகக் கேட்டது.

மேடையைச் சுற்றவைக்கும் பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள், சின்னச் செலவுதான். ஒலியைத் தெளிவாக்கும் கனிம உருண்டை, விசேஷ ஒயர் என்று இசை ரசிகர்களிடையே உலவும் நம்பிக்கைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். எது மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் கேட்டுச் சொல்லும் சோதனையில் தேறாத எதையும் நான் அறிவியல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைவிட, ஊசி தட்டின் மேல் அழுத்தும் எடையை அளக்கும் சிறு தராசு ஒன்று வாங்கி, ஊசிக்குரிய ஒன்றரை, இரண்டு கிராமைச் சரியாக வையுங்கள்.

எப்போது புதிது வாங்கலாம்? தட்டு வைக்கும் மேடையின் இரு ஓரங்களையும் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். அது லொடலொடத்தாலோ, ஊசிக்கை அதன் கீலில் ஆடினாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த ஆட்டம் ஊசியின் மைக்ரான் அசைவுகளோடு கலந்துவிடும், எந்த வைரமும் அதைத் திருத்தாது. காந்தத்துக்குப் பதில் செராமிக் துண்டு வைத்த, 5 கிராமுக்கு மேல் அழுத்தும் கார்ட்ரிட்ஜை வேறொன்றாக மாற்ற வழியே இல்லாத டர்ன்டேபிள்களையும் விட்டுவிடலாம்.

ஊசி மாற்றிய பிறகும் அதே இடத்தில் கரகரத்தால் அவசரப்பட்டு டர்ன்டேபிளைக் குறை சொல்லாதீர்கள். அதிகம் ஓடாத வேறொரு தட்டைப் போட்டுப் பாருங்கள். தேய்ந்த ஊசி பழைய தட்டின் சுவரை ஏற்கெனவே சீவியிருக்கலாம். அந்தக் காயம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புது டர்ன்டேபிளிலும் கேட்கும்.