காதலனிடம் அடிபட்டு ஓடி வந்த பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பு உத்தரவு?

சிங்கப்பூரில், காதலன் அடிக்கிறான் என்று 17 வயதுப் பெண் ஒருத்தி, மாற்று உடைகூட இல்லாமல் அத்தை வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "உடனே பிபிஓ எடு" என்பார்கள் சுற்றியிருப்பவர்கள். அவளுக்கு அது கிடைக்காது. பிபிஓ எனப்படும் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டத்தின்கீழ் வருவது. கணவன், பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற குடும்ப உறவுகளுக்கு எதிராகத்தான் கேட்க முடியும். அடிப்பவர் அப்பாவோ அண்ணனோ என்றால் அதுவே சரியான வழி. 2025 ஜனவரி 2 முதல் 18 வயதானவர் தாமே விண்ணப்பிக்கலாம் (முன்பு 21). அதற்குக் குறைந்தவருக்காகப் பாதுகாவலரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம்.

கல்யாணம் ஆகாத காதலனுக்கு எதிராக, ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் உத்தரவு கேட்க வேண்டும். இதற்கென 2021 ஜூன் முதல் தனி நீதிமன்றமே இருக்கிறது. அடி, மிரட்டல், பின்தொடர்வது, ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்புவது எல்லாம் இதில் அடங்கும். வன்முறை ஆபத்து இருந்தால் அவசர உத்தரவு விண்ணப்பத்தை 24 மணி நேரத்துக்குள் விசாரிப்பதே நீதிமன்றத்தின் இலக்கு.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உத்தரவு அவன் கையில் சேர்ந்த பிறகுதான் அவனைக் கட்டுப்படுத்தும். அவன் குடியிருக்கும் முகவரி சரியாகத் தெரியாவிட்டால் அங்கேயே தாமதமாகிவிடும். இன்னொன்று, பயத்திலும் கோபத்திலும் அவன் அனுப்பியதையெல்லாம் அழித்துவிடுவது. அழிக்காதீர்கள்! தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காயத்தை மருத்துவரிடம் காட்டி அறிக்கை வாங்குங்கள். போலீஸ் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் அவனுக்கு இடம் காட்டும் வசதி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அன்றிரவே பாருங்கள், சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான கணக்கு) கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

உயிருக்கு ஆபத்தென்றால் 999; பேச முடியாவிட்டால் 70999க்குக் குறுஞ்செய்தி. ஆலோசனைக்கு 1800-777-0000, நாள் முழுவதும் எடுப்பார்கள். விண்ணப்பத்தை ஒரு சமூக சேவை ஊழியருடன் சேர்ந்து நிரப்புவது நல்லது.

வீட்டைவிட்டு ஓடியது குற்றமல்ல. ஆனால் அவளை ஒளித்து வைக்காதீர்கள்: பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்திருக்கலாம், எனவே அவள் பத்திரமாக இருப்பதைப் போலீசிடம் சொல்லிவிடுங்கள். பெற்ற வீட்டுக்குத் திரும்பப் பயப்படுகிறாள் என்றால் அதற்கான காரணத்தையும் அப்போதே சொல்லுங்கள். "பதினாறு முடிந்துவிட்டதே, சிறுவர் சட்டம் பொருந்தாதே" என்பது பழைய கணக்கு. 2020 ஜூலை 1 முதல் 18 வயதுக்குக் குறைந்த எல்லாருக்கும் அந்தச் சட்டத்தின் பராமரிப்பு, பாதுகாப்பு உண்டு. பெற்றோர் வீடு பாதுகாப்பில்லை என்றால் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் சிறுவர் பாதுகாப்புச் சேவை தலையிடலாம். உறவினர் வீடு, வளர்ப்புக் குடும்பம், இல்லம் என்று தங்குமிடம் அமையும். அத்தை வீட்டில் இருக்கவே அவளுக்கு ஆசை என்றால், அதை அவளே அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லட்டும்.

தங்குமிடம் முடிவானதும் பள்ளி ஆலோசகரிடம் தெரிவியுங்கள். அவன் பள்ளி வாசலில் வந்து நின்றால் முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.