சொல் விளக்கம்: சோலார்பங்க்

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் கதை எழுதிப் பழகும் பிள்ளைகள் வாயில் இப்போது ‘சோலார்பங்க்’ அடிபடுகிறது. தமிழ்நாட்டு உறவினரிடம் சொன்னால், வெயிலில் ஓடும் பெட்ரோல் பங்க்கா என்று கேட்பார்கள். நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. நம் பிள்ளைகளின் குழப்பம் வேறு: கூரையில் சூரியத் தகடு, சுவரில் கொடி, எல்லார் முகத்திலும் சிரிப்பு, அதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதற்குப் பெயர் வீட்டுமனை விளம்பரம்.

இயற்கையைக் கெடுக்காமல் மனிதர்கள் கூடி வாழ வழி கண்டுபிடித்துவிட்ட எதிர்காலத்தை, அல்லது அதைக் கண்டுபிடிக்கப் போராடும் காலத்தைச் சொல்லும் அறிவியல் புனைவுதான் சோலார்பங்க். உலகம் அழிவதைக் காட்டிப் பயமுறுத்தும் கதைகளுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது.

சொல்லின் முன்பாதி எளிது. லத்தீனில் ‘சோல்’ என்றால் சூரியன். பின்பாதிக்குத்தான் பெரிய வரலாறு. ‘பங்க்’ பழைய ஆங்கிலத்தில் விலைமகளைக் குறித்த வசைச்சொல். பிறகு ஊர்சுற்றும் போக்கிரிகளுக்குப் பெயரானது. 1970களில் ‘இருப்பதை ஏற்கமாட்டோம்’ என்று கிட்டாரைப் போட்டு அடித்த இளைஞர்கள் அதையே பெருமையோடு சூட்டிக்கொண்டார்கள். அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் பெத்கி 1983இல் வெளியிட்ட ஒரு சிறுகதையின் தலைப்பு ‘சைபர்பங்க்’; கணினி உலகத்துக் கலகக் கதைகளுக்கு அதுவே பெயரானது. 1987இல் எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர், நீராவி யந்திரக் காலத்துக் கதைகளைப் பாதி விளையாட்டாக ‘ஸ்டீம்பங்க்’ என்றார். 2008இல் இணையத்தில் வந்த ஒரு கட்டுரை அந்த வரிசையில் ‘சோலார்பங்க்’கைச் சேர்த்தது. கட்டுரைக்குத் தூண்டுகோல் ஒரு சரக்குக் கப்பல். பெலுகா ஸ்கைசெயில்ஸ் என்ற அந்தக் கப்பல், கணினி இயக்கும் ராட்சதப் பட்டத்தைப் பறக்கவிட்டு, காற்றின் இழுப்பில் எரிபொருளை மிச்சப்படுத்தியது. பழைய பாய்மரமும் புதிய கணினியும் கைகோத்த காட்சி. 2012இல் பிரேசிலில் இந்தப் பெயரிலேயே ஒரு சிறுகதைத் தொகுப்பு போர்த்துகீசிய மொழியில் வெளிவந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பசுமைப் புனைவு’ என்றால் பங்க் போய்விடுகிறது. மரம் நடுவிழாப் பேச்சு மாதிரி ஆகிவிடும். ‘சூரியப் புரட்சி’யும் வேண்டாம், புரட்சியைச் சினிமாக்காரர்கள் தேய்த்துவிட்டார்கள். நான் ‘கதிர்க்கலகம்’ என்கிறேன். கதிர் என்றால் வெயிலின் கதிரும் உண்டு, நெற்கதிரும் உண்டு. இந்த வகைக் கதைக்கு இரண்டுமே வேண்டும். கலகம் என்ற சொல்லுக்குத்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். காரணம் இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் பிறந்தது அதிலிருந்துதான், 1960 வரை நீண்டது. ஆனாலும் நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்று சொல்கிற மொழி இது. அந்தப் பொருளில் இந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது.

அவசரகாலம் முடிந்த அதே 1960இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நேரம். வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் பறிபோயின. சுங்கை சிப்புட்காரரான அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைப் பங்கு வாங்கச் சொன்னார். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர்கள்! இதை எதிர்காலத்தில் நடப்பதாக எழுதியிருந்தால், சோலார்பங்க் ரொம்பத்தான் ஆசைப்படுகிறது என்றிருப்பார்கள்.

அப்புறம், ‘இதற்குக் கதைக்கரு எங்கே கிடைக்கும்’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கரு என்ற சொல்லிலேயே தொல்காப்பியர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்: ‘தெய்வம் உணாவே மாமரம் புட்பறை செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ அவ்வகை பிறவும் கருவென மொழிப.’ ஒரு நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் அதன் கரு. நம் நிலத்துக்கு எழுதிப் பாருங்கள். தெய்வம், தோட்டத்து முனியாண்டி. பறை, உறுமி. மரம், ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை. பறவை, ஆந்தை: எலிக்கு விஷம் வைப்பதற்குப் பதிலாகச் செம்பனைக்கு நடுவே கம்பம் நட்டுப் பெட்டி கட்டி, முகம் வெளுத்த ஆந்தையைக் குடிவைக்கிறார்கள். ஊரில் அலறினால் கெட்ட சகுனம்; தோட்டத்தில் அதற்குச் சொந்த வீடு. தொழில், குலை வெட்டு. இதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் தானாக அசையும்.

ஓர் எடுத்துக்காட்டு. செம்பனைக்கு ஏறக்குறைய 25 வயதானால் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். புதுக்கன்று குலை தள்ள மூன்று ஆண்டு ஆகும். 2050இல் ஒரு கம்பெனி மறுநடவுக்குப் பணம் போடாமல் நிலத்தை லயத்துக்காரர்களிடமே விட்டுப் போகிறது என்று வையுங்கள். மூன்று ஆண்டு வருமானம் இல்லை. செம்பனை எண்ணெய் மில்லின் கழிவுநீர்க் குளம் கொப்பளித்துக்கொண்டு கிடக்கிறது. அதில் எழும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். மூடிப் பிடித்தால் மின்சாரம். யார் பிடிப்பது, முதல் விளக்கு கோயிலுக்கா தமிழ்ப்பள்ளிக்கா, திரும்பவும் செம்பனையா இல்லை பலாவும் வாழையும் கலந்தா? மரம் விழுந்ததும் ஆந்தை போய்விடும், எலி வரும். கூட்டத்தில் நாற்காலி பறக்கும். அந்தச் சண்டைதான் கதை. சண்டையே இல்லாத நல்லுலகத்தை நான்கு பக்கத்துக்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள்.

இந்தச் சொல்லை எழுத்தில் ஆளும்போது கதிர்க்கலகக் கதை, கதிர்க்கலகப் புனைவு என்று எழுதலாம். மூலச்சொல்லையே போடுவதானால் ‘சோலார்பங்க்’ என்று சேர்த்து எழுதுங்கள். நடுவில் இடைவெளி விட்டால், தமிழ்நாட்டு வாசகர் எண்ணெய் ஊற்ற வண்டியைத் திருப்பிவிடுவார்.